வேலைக்குப் போன நிழல்

பெனுவேல்புரம் கோயில் கோபுரத்தின் நிழல் ஒரு பங்குனி மாதத்து முற்பகலில் தன் இடத்தை விட்டு எழுந்து, மண்ரோட்டைக் கடந்து, உப்பளத்து வரப்புகளின் மேலாக நீளமாய் நடந்து, ஊருக்கு வெளியே மாசிலாமணியின் தகரக் கொட்டகை மேல் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றைக்குச் சூரியன் எந்தத் திக்கில் நின்றது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், சூரியன் என்றும் நிற்கிற இடத்தில்தான் நின்றது.

நிழல் போனதில் முதல் நஷ்டம் எனக்குத்தான். நான் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணியடித்து, பெருக்கி, விளக்குத் துடைத்து, பெஞ்சுகளை நேராக்கி முடித்தபின் கோபுரத்து நிழலில் துண்டை விரித்து உட்காருவேன், நிழல் நகர நகர நானும் துண்டோடு நகர்வேன், இத்தனை வருஷமாய் எனக்கும் அதற்கும் அப்படி ஒரு பழக்கம். அன்று துண்டை விரித்து உட்கார்ந்தால் மணல் சுட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கோபுரம் இருந்தது, நிழல் இல்லை. அது போன வழியைக் கண்ணால் தொடர்ந்துபோய், போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு அதிசயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊரில் எத்தனையோ கூரை இருக்க, அவன் கூரையா அதற்குக் கிடைத்தது?

அந்தக் கோபுரம் பக்கத்து ஊர்க் கோபுரத்தைவிட உயரமாய் இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் நாங்கள் கட்டியது. பம்பாயில் கடை வைத்திருந்தவர்கள் அனுப்பினார்கள், உப்பள முதலாளி அருமைநாயகம் அள்ளிக் கொடுத்தார், வருஷா வருஷம் ஆடு வெட்டிச் சோறு பொங்கி ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகையைக்கூட அதற்காகச் சில வருஷம் நிறுத்தி வைத்தோம். கட்டி முடித்து, உச்சியில் சிலுவை ஏற்றி, எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். அதன்பிறகு அந்தக் கோபுரம் யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை, ஒரு நன்மையும் செய்ததில்லை. அந்த இடத்தில் ஒரு புளியமரம் நின்றிருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்.

இனி மாசிலாமணி. அவன் கோயிலுக்கு வராதவன். வராமல் போனது என் வீட்டுக் காரியத்தில்தான். என் தங்கை சொர்ணபாய்க்குச் சிறு பிள்ளையிலிருந்தே வலிப்பு. நான் அவளுக்காக உபவாசம் இருந்தேன், வெள்ளிக்கிழமைதோறும் முழங்காலில் நின்றேன், பிறகு ஒரு வருஷம் முழுக்க அவளுக்கு வலிப்பு வரவே இல்லை. கர்த்தர் குணமாக்கினார் என்று விசுவாசித்தேன், விசுவாசித்ததால் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை, குணமான வியாதியை எவன் போய்ச் சொல்வான்? எங்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்குக் குருவான ஐயர் கேட்பார். அவர் கேட்பது வழக்கம், சபை வாய் திறக்காமல் இருப்பதும் வழக்கம். மூன்றாம் ஞாயிறு மாசிலாமணி எழுந்து நின்றான்.

"அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டு ஐயரே. தெரிஞ்சு கட்டினா நல்லது. தெரியாமக் கட்டினா நாளைக்குத் தெருவுல விட்டுருவாங்க."

நல்லது செய்வதாய் நினைத்துத்தான் சொன்னான். அவன் முகத்தில் வன்மம் இல்லை, அதை நானே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு சொர்ணபாய்க்கு யாரும் ஓலை வாசிக்கவில்லை.

அன்றிலிருந்து நான் அவனோடு பேசியதில்லை, அவனும் கோயில் படி ஏறியதில்லை. தானும் கலியாணம் கட்டவில்லை. அது அவன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தண்டனை என்று சிலர் சொன்னார்கள், சோம்பேறித்தனம் என்று நான் சொன்னேன். ஆனால் கோயிலுக்கு வராத அந்த மனுஷன் ஊரில் யார் செத்தாலும் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்தில் முதலில் நின்றான், பிள்ளைத்தாய்ச்சிகளைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், பழைய லாரி டியூபை வெட்டித் தைத்து உப்பளத்துப் பெண்களின் காலுக்கு உறை செய்து கொடுத்தான். அவர்கள் பாதம் வெடிப்பது நின்றது. ஊர் அவனை மன்னித்துவிட்டது. ஊருக்கு மன்னிப்பது சுலபம், தங்கை எனக்கல்லவா? உபதேசியார் எப்பிராயீம், ஐயர் வராத ஞாயிறுகளில் எங்களுக்குப் பிரசங்கம் செய்கிறவர், அசனத்தில் எப்போதும் நெஞ்செலும்புத் துண்டு தன் இலைக்கு வரும்படி பார்த்துக்கொள்கிறவர், அவர் பிரசங்கத்திலேயே மாசிலாமணியின் பேரைச் சொல்லி மன்னித்தார்.

நிழல் போவதற்கு முந்தின மாசி மாதத்தில் மாசிலாமணிக்கு வாதம் அடித்தது. வலது கையும் வலது காலும் விழுந்தன. வாய் கோணிப்போய்ப் பேச்சு வழுக்கி வழுக்கி வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். தகரம் காய்ந்து, பங்குனி வெயிலில் உள்ளே ரொட்டி சுடலாம் என்கிற அளவுக்கு ஆயிற்று. சொர்ணபாய் தினம் கஞ்சி கொண்டுபோய் ஊட்டிவிட்டு வந்தாள்.

"நீ எதுக்குப் போறே?" என்றேன்.

"பசிக்கும்லா" என்றாள்.

அப்போதுதான் நிழல் கிளம்பிப் போனது. காலையில் போய், பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து கோயிலடியில் அடங்கும், மறுநாள் மறுபடி போகும், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஆள் போல. தகரம் ஆறியது. கொட்டகையைச் சுற்றி ஒரு பந்தல் அளவுக்கு இடம் குளிர்ந்தது.

ஊர் அதற்கு நாலு நாளில் பழகிவிட்டது. முதலில் வந்தவை ஆடுகள். பிறகு உப்பு வாருகிற பெண்கள் தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு அங்கே வந்தார்கள். மினிபஸ்காரன் அந்த இடத்தில் ஒரு ஸ்டாப் வைத்தான், கண்டக்டர் "நிழல் எறங்கு, நிழல் எறங்கு" என்று கத்தினான். அருமைநாயகம் மட்டும் வாயில் அடித்துக்கொண்டார். நிழல் நடந்துபோகிற வழியில் அவருடைய பாத்திகள் இருந்தன, அந்த நீளத்துக்குத் தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது, நாரை வந்து நின்றது.

"உப்பு வெயில்ல விளையுற சாமான் உபதேசியாரே. நிழல்ல விளைய அது என்ன காளானா?"

"கர்த்தருக்கு ஒரு பாத்தி எழுதி வச்சதா நெனைச்சுக்கிடுங்க மொதலாளி."

இது அருமைநாயகத்துக்குப் பிடித்துப்போயிற்று. மறு ஞாயிறு அவரே எழுந்து, கர்த்தருக்கு ஒரு பாத்தி கொடுத்த சாட்சியைச் சொன்னார்.

நிழல் ஏன் அங்கே போயிற்று என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஜெபக்கூட்டம் அங்கே நடக்க வேண்டும் என்று தேவன் இடம் காட்டுகிறார். வேறு எதற்காகக் கோயில் நிழல் ஒரு இடத்துக்குப் போகும்? பாய் போனது, பிளாஸ்டிக் நாற்காலி போனது, மைக்செட் போனது, ஆர்மோனியம் போனது, கட்டங்காப்பி போனது. கொட்டகை வாசலில் தினமும் முற்பகல் கூட்டம். உள்ளே அவன் கிடந்தான், வெளியே நாங்கள் அவனுக்காக ஜெபித்தோம். நிழலைப் பற்றி வேதத்தில் எங்கெங்கே வருகிறதோ அத்தனையையும் எடுத்து உபதேசியார் பிரசங்கித்தார். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒலிபெருக்கி தகரத்தில் மோதித் தகரமும் சேர்ந்து பாடியது.

ஒருநாள் கூட்டத்தில் ஒரு பெண், "உள்ள போய் அவருக்கு மேலைக் கழுவி, துணி மாத்தி விடலாம்லா?" என்று கேட்டாள். உபதேசியார் கையை உயர்த்தினார்.

"கர்த்தர் கோபுரத்து நிழலையே அனுப்பி வச்சிருக்காரு. அவர் கிரியை செய்யுற எடத்துல மனுஷன் போய்க் கை வச்சா அதுக்குப் பேரு அவிசுவாசம். விசுவாசமா இருப்போம். அவன் எந்திரிச்சு நடந்து வெளியே வருவான். ஆமென் சொல்லுங்க."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவர்கள் விசுவாசத்தில் சொன்னார்கள், எனக்கு அது வசதியாய் இருந்தது.

சொர்ணபாய் மட்டும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவருக்கு முதுகுல புண்ணு வச்சிருச்சு."

"அதான் ஜெபம் நடக்குதுல்லா."

"ஜெபம் வாசல்ல நடக்குது. புண்ணு உள்ள இருக்கு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "புரட்டிப் படுக்கவைக்கணும். கழுவணும். அதுக்கு ஒரு ஆம்பிளை வேணும். எனக்குத் தூக்க முடியல. தூக்குற நேரம் பாத்து வலிப்பு வந்துச்சுன்னா ரெண்டு பேரும் கட்டிலோட போயிருவோம்."

"ஊர்ல ஆம்பிளைக்கா பஞ்சம்?"

"ஆம்பிளைங்க இருக்காங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு இருக்காங்க."

"அவன் உன் வாழ்க்கையைக் கெடுத்தவன் சொர்ணம்."

"அவர் சொன்னது பொய்யாண்ணே?"

பொய் இல்லை. பொய்யாய் இருந்திருந்தால் நான் அவனை என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

மறுநாள் கூட்டம் பாதியில் இருக்கும்போது நிழல் ஒடுங்கியது. முதலில் ஆர்மோனியக்காரர் மேல் வெயில் விழுந்தது, பிறகு முன்வரிசைப் பெண்கள் மேல், பிறகு உபதேசியாரின் வழுக்கை மேல். துணியை மடிப்பது போல நிழல் தன்னை நாலு பக்கமும் மடித்துக்கொண்டு, வாசற்படி ஏறி, உள்ளே போய்விட்டது. ஆடுகள் எழுந்து போயின. இது சோதனை என்று உபதேசியார் சொன்னார். குடை வந்தது. குடைகளின் கீழே கூட்டம் இன்னும் உரத்து நடந்தது. உள்ளே யாரும் எட்டிப் பார்க்கவில்லை, தேவனுடைய கிரியையை எட்டிப் பார்ப்பது அவிசுவாசம் அல்லவா?

அடுத்த நாள் காலை சொர்ணபாய் ஒரு வாளி, பழைய வேட்டித் துணி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய உப்புத் தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தாள்.

"எங்கே?"

"நானே போய் அவரைக் கழுவப் போறேன். கலியாணம் ஆகாதவ ஆம்பிளை உடம்பைத் தொட்டான்னு ஊர் பேசும்லா, பேசட்டும். நீ வேணும்னா மணியடிச்சுச் சொல்லு."

அவள் போவேன் என்றால் போய்விடுவாள். அவளைத் தடுக்க எனக்கு வேறு வழி இல்லை. வாளியைப் பிடுங்கிக்கொண்டு நான் நடந்தேன். அன்பில் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போதும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

உள்ளே நிழல் கட்டில் அளவுக்குக் கத்தரித்த போர்வையாய் அவன் மேல் கிடந்தது. நாற்றம் மூக்கை அடைத்தது. அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"யாரு, கோயில்பிள்ளையா? சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தீரோ?"

"வாயை மூடும் வே."

"ஜெபம் பண்ணப் போறீரா?"

"இல்ல."

"அப்ப வாரும்."

அவன் தோளுக்கடியில் கையைக் கொடுத்தேன். நிழலுக்குள் போனதும் முழங்கைக்குக் கீழே கை குளிர்ந்தது. விடியற்காலையில் மணிக்கயிறு இழுக்கும்போது கோபுரத்துக்குள் இருக்குமே, அந்தக் குளிர். புரட்டினேன். இவ்வளவு மெலிந்த உடம்பு அவ்வளவு கனத்தது. முதுகில் கட்டில் கயிற்றின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது, பதிந்த இடங்கள் பிளந்திருந்தன. வெளியே ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஒலிபெருக்கி முழங்கியது. துணியை நனைத்து ஒவ்வொரு புண்ணாய்த் துடைத்தேன். அவன் பல்லைக் கடித்தான், கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்னை மன்னிச்சிட்டீரா வே?"

"இல்ல."

பாதி வாயால் சிரித்தான். கட்டில் ஆடியது.

"நல்லதாப் போச்சு. மன்னிச்சவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் உள்ள வரல."

நான் துணியைப் பிழிந்தேன்.

"சொர்ணத்துக்கு இப்பவும் வலிப்பு வருதா?"

"வருது."

"நான் உம்ம வீட்டுக்கு வந்து உம்மகிட்டத் தனியாச் சொல்லியிருக்கணும். சபை நடுவுல எந்திரிச்சு..."

"அசையாதேயும். தண்ணி சிந்துது."

அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாளும் போனேன், ஏனென்றால் மறுநாளும் அவனைப் புரட்ட வேண்டியிருந்தது. புண் அப்படித்தான், நேற்றுச் செய்ததை இன்றைக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. காலையில் மணியடித்துவிட்டுப் போவேன், திட்டிக்கொண்டே போவேன், அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்வான். கஞ்சி நீர்த்துப்போயிருந்தால் என்னைக் குறை சொல்வான். ஊரில் பேச்சு எழுந்தது. கோயில்பிள்ளை தேவனுடைய வேலையில் கை வைத்துவிட்டான், இனி நிழல் கோபித்துக்கொண்டு போய்விடும் என்றார்கள். உபதேசியார் என்னைக் கண்டிப்பதற்காகவே ஒருநாள் வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். நான் அப்போது விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன், ஒரு முனை கையில் இருந்தது, மறு முனைக்கு ஆள் இல்லை. அவர் அப்படியே நின்று மாசிலாமணியின் முதுகைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வேதத்தைத் தண்ணீர்ப்பானை மூடியின் மேல் வைத்துவிட்டு மறு முனையைப் பிடித்தார்.

"கண்ணைத் திறந்துக்கிட்டுப் பிடியும் உபதேசியாரே" என்றான் மாசிலாமணி. "கண்ணை மூடினா நான் கீழே விழுந்துருவேன்."

அவர் அடுத்த நாளும் வந்தார். கண்டிக்க வந்ததை மறந்துபோனார் போலிருக்கிறது. ஆனாலும் அவனைப் புரட்டும்போது அவர் கால்பக்கம் பிடிக்கிற அழகுக்கு அசனத்து நெஞ்செலும்பு அதிகம்தான்.

சித்திரை பிறந்து ஒருநாள், நிழல் கொட்டகைக்கு வரவில்லை. கோயிலடியிலும் இல்லை. ஊர் பதறியது, உபவாசம் போடலாமா என்று கமிட்டி கூடியது. அதற்குள் அருமைநாயகத்தின் அலறல் கேட்டது. நிழல் அவர் உப்பளத்தின் நடுவில், உப்பு வாருகிற பெண்களின் தலைக்கு மேல் நின்றது. வெயிலும் வெள்ளை உப்பும் சேர்ந்து கண்ணைக் குத்துகிற இடத்தில், டியூப் உறை போட்ட கால்களோடு அவர்கள் கண்ணைச் சுருக்காமல் நின்று வாரினார்கள், அவர்கள் நகர்ந்த பக்கமெல்லாம் நிழலும் நகர்ந்தது. ஒரு பாத்தியைக் கர்த்தருக்குக் கொடுத்த அருமைநாயகம், நிழலைத் திரும்ப அழைத்துத் தரும்படி பேராயருக்கு மனுப் போட்டார்.

"அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஓலைப்பந்தல் போட்டுக் குடுத்தா நிழல் அதுபாட்டுக்குப் போயிரும் மொதலாளி" என்றாள் சொர்ணபாய்.

"பந்தல் போட்டா அதையே வழக்கமாக்கிருவாங்க" என்றார் அவர்.

ஆகவே நிழல் அங்கேயே இருந்தது.

கொட்டகைக்கு மறுபடி வெயில் வந்தது. உபதேசியாரும் நானும் தகரத்தின் மேல் பனையோலை வேய்ந்தோம், அது உச்சிவெயிலுக்குப் போதும். ஆனால் கட்டிலில் அவன் கால் மேற்கு வாசலைப் பார்த்துக் கிடந்தது; சாயங்காலம் சூரியன் இறங்கும்போது அந்த வாசல் வழியாக நேராக அவன் முகத்தில் அடிக்கும். மேல்காற்று வருவதும் அந்த ஒரே வாசலில்தான். கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும், துணி கட்டினால் காற்று நிற்கும். முதல் நாள் சாயங்காலம் அவன் நல்ல கையால் முகத்தை மறைக்கப் பார்த்து, கை சோர்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தான். மணியடிக்கிற நேரம். கோயிலில் ஆட்கள் வந்து காத்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் சாயங்கால மணி பிந்தியதில்லை.

வாசலில் போய் நின்றேன். என் நிழல் நீண்டு கட்டில்மேல் ஏறி அவன் மார்புவரைக்கும் போய் நின்றது. கொஞ்சம் நிமிர்ந்தேன். நெற்றியைத் தொட்டது. காற்று என் இரண்டு பக்கமும் உள்ளே போனது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"மணியடிக்கப் போகலியா?"

"சூரியன் அடையட்டும்."

"எல்லாரும் தேடுவாங்கல்லா."

"தேடட்டும்."

பிறகு, ஏதோ நான் அதற்காகவே பிறந்தவன் மாதிரி, "எனக்கு வலப்பக்கமாக் கொஞ்சம் தள்ளி நில்லும் வே. இந்தக் கண்ணுல படுது" என்றான்.

நான் அவனை மன்னிக்கவில்லை. வலப்பக்கமாய்த் தள்ளி நின்றேன்.